கதவு மூடும் ஷாட்

— இன்னும் ஏத்து.

— இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் கிழிஞ்சுரும்.

— கிழியட்டும் கத்திரி. படம் வெட்டுறவளுக்குச் சத்தம் கிழிஞ்சா என்ன? பழைய படத்துல எந்தச் சத்தம்தான் கிழியாம இருந்துச்சு? டொம். டொம் டொம். ஆஹா! கேக்கும்போதே அடிவயித்துல ஏதோ பண்ணுதுல்ல?

— எனக்குக் காலையிலேர்ந்தே பண்ணுது. சாப்பிடாம நாலு டீ குடிச்சா பண்ணத்தான் செய்யும்.

— நேத்து நெட்ல போட்ட ட்ரெய்லருக்குக் கீழ ஒருத்தன் என்ன எழுதியிருக்கான் கேளு. "தலை இல்லாத பொம்பளை வந்தப்ப சிரிச்சேன். ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி இருந்தப்பவும் சிரிச்சேன். கதவு தட்டுற சத்தம் வந்ததும் எழுந்து போய் என் வீட்டுக் கதவைப் பார்த்துட்டு வந்தேன்." எப்படி? ஒரே நாள்ல நாப்பதாயிரம் பேரு! ஆறு வருஷமா நாம எடுத்த மத்த ட்ரெய்லரையெல்லாம் சேர்த்தாலும்...

— இவ்வளவு வராது. நேத்திலேர்ந்து எட்டு தடவை சொல்லிட்டீங்க.

— ஒன்பதாவது தடவையும் கேளேன், காசா பணமா?

— வீட்டுக்காரம்மா காலையில மாடிப்படியில நிறுத்தி, படம் எப்ப வருதுன்னு கேட்டாங்க. படமே கிடையாதும்மா, அந்தக் காலத்து மட்டமான பேய்ப்படம் மேல இருக்கிற ஆசையில சும்மா ட்ரெய்லர் மட்டும் எடுக்கிறோம்னேன். "அப்ப மீதியை யாரு எடுப்பா?"ங்கிறாங்க.

— மீதி எதுக்கு? அந்தப் படங்கள்ல ட்ரெய்லர்தானே படமே. மத்த ரெண்டு மணி நேரமும் நாலு பேரு காட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருப்பாங்க. பார்க்கிற மாதிரி அஞ்சு நிமிஷம் இருக்கும், அதையும் ட்ரெய்லர்லயே போட்டுருவாங்க. நாம அந்த அஞ்சு நிமிஷத்தை மட்டும் எடுக்கிறோம். ஆரம்பிக்கிறோம், அலற விடுறோம், வெட்டிட்டு அடுத்ததுக்குப் போறோம். அப்புறம் என்ன ஆச்சுங்கிறது நம்ம தலைவலி இல்ல.

— அதை நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லுங்க.

— சொல்றேன், சொல்றேன். முதல்ல வேலையைப் பாரு. ட்ரெய்லர் போட்டி நடத்துறவங்க ரெண்டு நிமிஷம் கேக்கிறாங்க, நம்மகிட்ட இருக்கிறது ஒன்றரை. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். தலைப்புக்கு முன்னாடி படமே வேண்டாம், வெறும் கறுப்பு. கறுப்புல அந்தத் தட்டுற சத்தம் மட்டும். அரை நிமிஷம். அப்புறம் என் குரல். "குடும்பத்தோடு பார்க்காதீர்கள்! தனியாகவும் பார்க்காதீர்கள்! இதய பலவீனம் உள்ளவர்கள் வாசலிலேயே திரும்பிவிடவும்! ஐஸ் அறையில்... அரக்கன்!"

— கத்தாதீங்க. பக்கத்து வீட்டுக் குழந்தை இப்பத்தான் தூங்கிச்சு.

— என் குரலுக்கு ஒரு குழந்தை எழுந்து அழுதா, அது எனக்குக் கிடைச்ச விருது.

— என்னவோ போங்க. தம்பி கூப்பிட்டானா?

— என்னையா? உன் தம்பியா? அவன்தான் இனிமே என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டானே.

— நீங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

— நான் என்ன பேசிட்டேன்? "ஆறு வருஷமா உங்களுக்கு முதலை மனுஷன் நான்தான், குரங்கு டாக்டர் நான்தான், இப்ப அரக்கனும் நான்தான். ஒரே ஒரு தடவை முகமூடியைக் கழட்டுற மாதிரி ஒரு ஷாட் வைங்க மாமா"ன்னான். அரக்கன் முகத்தை ட்ரெய்லர்லயே காட்டிட்டா அப்புறம் எவன் படம் பார்க்க வருவான்னேன்.

— "படமேதான் இல்லையே"ன்னான். சரியாத்தானே கேட்டான்?

— சரியாத்தான் கேட்டான். அதுதான் எனக்கு எரிச்சலாயிருச்சு.

— அதுக்காக, "உன் முகத்தைக் காட்டினா ஜனங்க இதைவிட பயந்துருவாங்க"ன்னா சொல்லுவீங்க? எல்லார் முன்னாடியும்?

— விளையாட்டுக்குச் சொன்னேன். சாயம்கூடச் சிரிச்சான்.

— மேக்கப் போடுறவன், டைரக்டர் சொன்னா சிரிக்காம என்ன பண்ணுவான்? சாயம் சிரிச்சான், அந்தக் கதாநாயகிப் பொண்ணு சிரிச்சா, நானும் லேசா சிரிச்சுட்டேன். தம்பிதான் சிரிக்கல. "சரி மாமா. இதுதான் கடைசி. திங்கக்கிழமை வேலைக்குச் சேர்றேன், அப்புறம் என்னைத் தேடாதீங்க"ன்னு சொல்லிட்டு, முகமூடியை மாட்டிக்கிட்டு ஐஸ் அறைக்குள்ள போனான். நான் சிரிச்சதைப் பார்த்துட்டுத்தான் போனான்.

— அந்தக் கோபம்தான் ஷாட்டுல அப்படி வந்திருக்கு. காசு கொடுத்தாலும் கிடைக்காது. ரெண்டு நாள் முறுக்கிக்கிட்டு இருப்பான், அப்புறம் தானா வருவான். போன தடவை முதலை வாலுக்குச் சண்டை போட்டுட்டு ஒரு வாரம் பேசல, ஞாபகம் இருக்கா?

— அந்த ஒரு வாரமும் என்கிட்ட பேசினான். உங்ககிட்டதான் பேசல. இருங்க, அம்மா போன்ல.

— பேசு. நான் மீதிப் பாராட்டையும் படிச்சுக்கிறேன்.

— சொல்லும்மா... இல்லையே, இங்க வரலையே. அங்க இருக்கான்னுல்ல நான் நினைச்சேன்... சனிக்கிழமையிலேர்ந்தா? ரெண்டு ராத்திரியும்?... ஏம்மா நேத்தே சொல்லல?... சரி. சரி, எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க?... நீ அழாதம்மா. மாத்திரை போட்டியா? முதல்ல அதைப் போடு. நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்.

— என்னவாம் அத்தைக்கு?

— தம்பி வீட்டுக்கே போகல.

— எப்பலேர்ந்து?

— சனிக்கிழமை நம்மகூட ஷூட்டிங்குக்கு வந்தவன்தான். இங்க தங்கியிருக்கான்னு அம்மா நினைச்சிருக்காங்க. அவன் அங்க இருக்கான்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி ஸ்டோர்ல சேரணும்ல? பதினோரு மணி வரைக்கும் ஆளைக் காணோம்னு அங்கேர்ந்து வீட்டுக்கு போன் வந்திருக்கு.

— சேர்ற நாளை மறந்துட்டானா?

— அவனா? ரெண்டு வருஷமா அந்த வேலைக்கு நடையா நடந்தவன். வெள்ளிக்கிழமையே சட்டை தேய்ச்சு மாட்டி வச்சுட்டானாம். அது இன்னும் ஹேங்கர்லயே தொங்குதாம்.

— யாராவது ஃபிரெண்டு வீட்டுல படுத்துக்கிட்டு இருப்பான். போன் போட்டுப் பாரு.

— அம்மா நேத்திலேர்ந்து போடுறாங்க. மணி அடிக்குதாம், எடுக்கலையாம். இப்பவும் போட்டுப் பார்க்கிறேன்னாங்க... என்னங்க அது?

— எது?

— உர்ருன்னு ஒரு சத்தம். நேத்து மத்தியானமே சொன்னேன், நீங்க ஃபேன்னீங்க.

— ஃபேன்தான்.

— ஃபேனை நான் நிறுத்தி ஒரு மணி நேரமாச்சு. கீழேர்ந்து வருது. உங்க பைக்குள்ள. அந்த பிஸ்கெட் டப்பாவை எடுங்க.

— போன் டப்பாவா? அதுல ஒண்ணும் இருக்காதே. ஷூட்டிங் ஆரம்பிக்கும்போது எல்லார் போனையும் அதுல போட்டேன், முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டோமே.

— திறங்க.

— இரு, மூடி இறுகியிருக்கு... ஓ.

— யாரோடது?

— உன் தம்பியோடதுதான். அடியில பேட்டரிக்குக் கீழ கிடந்திருக்கு.

— நாப்பத்தோரு மிஸ்டு கால். எல்லாம் அம்மா. ஏங்க, கோவிச்சுக்கிட்டுப் போறவன் போனை விட்டுட்டா போவான்?

— கோபத்துல எதுவும் ஞாபகம் இருக்காது. நான்கூட ஒரு தடவை உன்கிட்ட சண்டை போட்டுட்டு செருப்பில்லாம கிளம்பிப் போனேனே.

— தெருமுனை வரைக்கும் போனீங்க. கால் சுட்டதும் திரும்பி வந்துட்டீங்க.

— சரி, இங்க வா. கண்ணால பார்த்தாத்தான் உனக்கு மனசு ஆறும். கிளிப் நாப்பத்தேழைப் போடு. உன் தம்பி பத்திரமா வெளிய போறதை நீயே பாரு.

— இது கேட் ஷாட்.

— கேட் ஷாட்டேதான். கடைசி ஷாட். ஆறு மணி இருபத்தஞ்சு, சூரியன் இறங்கிக்கிட்டு இருக்கு. அரக்கன் முதுகைக் காட்டிக்கிட்டு ஊரைப் பார்க்க நடக்கிறான். நான் கேமராவை அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி மேல வச்சுக்கிட்டு, "திரும்பாதே! நடந்துக்கிட்டே இரு! ரோடு வரைக்கும் போ!"ன்னு கத்துறேன். திரும்பினானா பாரு. அப்படியே ரோடு ஏறி, பஸ் ஸ்டாப் பக்கம் போயே போயிட்டான். முகமூடியோட எப்படித்தான் பஸ்ல ஏறினானோ. சாயமும் சொல்லாம கொள்ளாம அப்பவே கிளம்பிட்டான்.

— ஆமாம். போறான்.

— நடையைப் பாரு. தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு, எவ்வளவு கோபம்! இப்ப நிம்மதியா?

— அப்பாடா. ஒரு நிமிஷம் எனக்கு என்னென்னவோ தோணிப்போச்சுங்க. எங்கேயோ போயிருக்கான், அவ்வளவுதான். கிடைக்கட்டும், கன்னத்துல ரெண்டு விடுறேன்... இருங்க. நிறுத்துங்க. காது.

— என்ன காது?

— முகமூடியோட இடது காது. கதவு ஷாட்டுல முழுசா இருக்கு. இதுல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு.

— அட, கத்திரிக் கண்ணுன்னா சும்மாவா! ரெண்டு முகமூடி இருக்குல்ல? கிட்டத்துல காட்ட நல்லது ஒண்ணு, தூரத்துக்குக் காது கிழிஞ்சது ஒண்ணு. மாத்தி மாட்டிக்கிட்டு வந்திருப்பான். விடு, அப்படியே இருக்கட்டும். பழைய படத்துல வில்லன் ஜன்னல்ல ஏறும்போது கறுப்புச் சட்டை, உள்ள குதிக்கும்போது வெள்ளைச் சட்டை. தப்பு இருந்தாத்தான் நிஜமான பழைய படம்னு நம்புவாங்க.

— உங்களுக்கு எல்லாத் தப்பும் அழகுதான்.

— நாம காதலிக்கிறதே தப்பைத்தானே. சரி, தட்டுற சத்தத்துக்கு வா. அரை நிமிஷம் வேணும்.

— இந்தச் சத்தம் எந்த மைக்?

— ஐஸ் அறைக்குள்ள மேல கொக்கியில தொங்க விட்டேனே, அது. ஒயரை அந்தக் குழாய் ஓட்டை வழியா வெளிய இழுத்து, ரெக்கார்டரை வராண்டாவுல வச்சிருந்தேன். கட் சொன்னதுக்கு அப்புறம் அதை நிறுத்த மறந்துட்டேன், அதுவும் நல்லதாப் போச்சு. நிறுத்தியிருந்தா இந்தப் பொக்கிஷம் கிடைச்சிருக்காது.

— அப்ப கட் சொன்னதுக்கு அப்புறமா தட்டியிருக்கான்?

— முன்னாடி கொஞ்சம், பின்னாடிதான் நிறைய. ஷாட்டே ஒன்பது செகண்ட்தானே.

— அந்த நேரத்துல யாருக்கும் கேக்கலையா?

— எப்படிக் கேக்கும்? பழைய ஐஸ் ஃபேக்டரி, சுவத்துக்குள்ள ஒரு முழத்துக்குத் தக்கை. வெளிய லாரி போனாலும் உள்ள மூச்சுச் சத்தம்கூடத் தனியாப் பதியும். அதுக்காகத்தானே அலைஞ்சு அந்த இடத்தைப் பிடிச்சேன். ஹெட்போனையும் நான் கழட்டிட்டேன், நாமெல்லாம் கேட்டுக்கு ஓடிட்டோம்.

— முழு ஃபைலையும் போடுங்க. நீங்க வெட்டினதை இல்ல.

— எதுக்கு?

— போடுங்களேன்.

— இந்தா. இது என் குரல், "கட்! சூப்பர்!" கேக்குதா, லேசா? அப்புறம் அமைதி. இதோ, ஆரம்பிச்சுட்டான்.

— மெதுவாத் தட்டுறான்.

— இப்ப பாரு, ஏறும்.

— நிறுத்தி நிறுத்தித் தட்டுறான். மூணு தட்டு, ஒரு இடைவெளி. மூணு தட்டு. கோபமா இருக்கிறவன் இப்படியா தட்டுவான்? வீட்டுல குளிச்சுட்டுத் துண்டு கேக்கும்போது இப்படித்தான் தட்டுவான்.

— நடிகன்டி அவன். கேமரா இருந்தாலும் இல்லைன்னாலும் நடிப்பான்.

— ஏங்க, கதவை யாரு திறந்தது?

— எந்தக் கதவை?

— ஐஸ் அறைக் கதவை. உள்பக்கம் பிடியே கிடையாது, உடைஞ்சுபோச்சுன்னு காவக்காரர் முதல்லயே சொன்னாரு. தாழ்ப்பாள் வெளிய. அதைப் போட்டது நான். கதாநாயகிப் பொண்ணு அஞ்சரைக்கே கிளம்பிட்டா, அதனால ஷாட்டுல கை மட்டும் என்னோடது. பாருங்க, நகத்துல அந்தச் சிவப்பு இன்னும் போகல. கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளைத் தள்ளினேன், நீங்க கட் சொன்னீங்க.

— அப்புறம் நீயே திறந்திருப்ப.

— "கட், சூப்பர், வெளிச்சம் போகுது, எல்லாரும் கேட்டுக்கு ஓடுங்க!" இதுதான் நீங்க சொன்னது. நான் லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கல.

— அப்ப சாயம் திறந்திருப்பான்.

— லிஸ்ட்ல யாருன்னு எழுதியிருக்கு?

— ஷாட் லிஸ்ட்லயா? அதோ சுவத்துல ஒட்டியிருக்கு பாரு. பதினேழு, கதவு மூடுது, தாழ்ப்பாள், கை கிட்டத்துல. பதினெட்டு, கேட், அரக்கன் முதுகு.

— நடுவுல?

— நடுவுல ஒண்ணும் இல்ல. கதவு திறக்கிற ஷாட் நமக்கு எதுக்கு?

— ஆறு வருஷமா எத்தனை கதவை மூடியிருக்கோம். சவப்பெட்டி, லிஃப்ட், கார் டிக்கி. ஒண்ணையாவது திறந்து எடுத்திருக்கோமா?

— ஏய், என்ன நீ! மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. இப்பத்தானே பார்த்த, கேட்ல நடந்து போறதை? உள்ள இருக்கிறவன் எப்படிம்மா வெளிய நடப்பான்? யாரோ திறந்திருக்காங்க, அவன் வந்திருக்கான், நடந்திருக்கான். கண்ணால பார்த்தியா இல்லையா?

— பார்த்தேன்.

— அப்புறம் என்ன?

— சரிதான். நீங்க சொல்றது சரிதான். எனக்குத்தான் தூக்கமில்லாம மூளை கலங்கிப்போச்சு. வாசல்ல யாரோ பெல் அடிக்கிறாங்க பாருங்க.

— சாயம்தான். வரச் சொல்லியிருந்தேன். வாடா! நாப்பதாயிரம் பேரு பார்த்த ரத்தம் உன் ரத்தம்டா!

— வணக்கம்ணே, வணக்கம் அண்ணி! எங்க தெருவுல சின்னப் பசங்கெல்லாம் என்னைப் பார்த்து டொம் டொம்னு தொடையில தட்டுறாங்க அண்ணே, சத்தியமா! ஆமா, அரக்கன் எங்க? இன்னைக்கு வேலைக்குச் சேர்ந்தாச்சா? ஸ்வீட் கேக்கணும்னு வந்தேன்.

— அவன் எங்கேயோ முறுக்கிக்கிட்டுத் திரியுறான். நீ உக்காரு.

— இன்னுமாண்ணே கோபம்? நானும் நினைச்சேன். அண்ணி, இதை வாங்கிக்கோங்க. துவைச்சுக் காய வச்சுட்டேன். சத்தியமா சொல்றேன், உள்ள ஒரே வேர்வை நாத்தம். பாவம், அவரு எப்படித்தான் நாள் முழுக்க மாட்டிக்கிட்டு இருக்காரோ.

— என்னது இது?

— முகமூடி அண்ணி. காது கிழிஞ்சது. பிளாஸ்திரி தண்ணியில ஊறி வந்துருச்சு, புதுசா ஒட்டிடலாம்.

— இது உன்கிட்ட எப்படி வந்துச்சு?

— எப்படின்னா... சனிக்கிழமை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்.

— தம்பி உன்கிட்ட கழட்டிக் கொடுத்தானா? பஸ் ஸ்டாப்லயா? அவன்கூடப் பேசினியா? எந்தப் பஸ்ல ஏறினான்?

— இல்ல அண்ணி. அவரை நான் பார்க்கவே இல்லையே.

— சாயம், நேரா பதில் சொல்லு. ஐஸ் அறைக் கதவைத் திறந்துவிட்டது நீதானே?

— நானா? நான் அந்தப் பக்கமே வரலைண்ணே. அஞ்சே முக்காலுக்கே என்னைக் கேட்டுக்கிட்ட போய்ப் புகைக்கு டயரைக் கொளுத்தச் சொல்லிட்டீங்களே. நீங்கதான் திறந்திருப்பீங்கன்னு...

— கேட்ல நடந்தது யாரு?

— அண்ணி, கோவிச்சுக்காதீங்க.

— யாருடா நடந்தது?

— அண்ணே தொட்டி மேலேர்ந்து "அரக்கா, வாடா! வெளிச்சம் போகுது, வாடா!"ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. அவரு வரல. சரி, வீம்புக்கு உள்ளயே உக்காந்திருக்காரு, இதைச் சொன்னா அண்ணன் மறுபடி ஒரு ஆட்டம் ஆடுவாரு, மாமன் மச்சான் சண்டையில நமக்கென்னன்னு... பைக்குள்ள இது இருந்துச்சு. நான் மாட்டிக்கிட்டேன். நான்தான் நடந்தேன் அண்ணி. திரும்பாம போய்க்கிட்டே இருன்னாரு. போனேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். இவரு சூப்பர்னு கத்தினாரு, அதனால நானும் அதைச் சொல்லவே இல்ல.

— அப்ப டப்பாவுக்குள்ள போட்ட உன் போன்? அதை எடுக்காமலா பஸ் ஏறின?

— என் போனை அன்னைக்கு நான் கொண்டே வரல அண்ணி, ரிப்பேர்ல இருந்துச்சு. ஏன் அண்ணி? என்ன ஆச்சு? ஏண்ணே இப்படிப் பார்க்கிறீங்க?

— அப்ப நான் பார்த்தது...

— நீங்க பார்த்தது இவனை. என் தம்பி இன்னும் உள்ள இருக்கான்.

— இரு. பதறாதே. யோசிக்கணும்.

— என்னத்தை யோசிக்கிறது? சனி சாயங்காலம் ஆறு மணி. இன்னைக்குத் திங்கள், மணி ஒண்ணு. தண்ணி இல்ல, சோறு இல்ல, வெளிச்சமும் இல்ல. ஷாட்டுக்காக உள்ள வச்ச பேட்டரி விளக்கு ஒரு மணி நேரம்கூட எரியாது. நாம சாமான் கட்டின நேரம் முழுக்க அவன் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கான். மைக்கைக்கூட எடுக்கலையா நீங்க?

— புதன்கிழமை அடுத்த ட்ரெய்லருக்கு ஒரு ஷாட் இருக்குன்னு அப்படியே தொங்க விட்டுட்டேன். வெளிய ஒயரைப் பிடுங்கி ரெக்கார்டரை மட்டும் எடுத்துட்டு வந்தேன். கதவைத் திறக்கிற அவசியமே வரல.

— கதவு கிட்டயே நின்னு ஒயரைப் பிடுங்கியிருக்கீங்க.

— பெரிய ரூம் அது. குழாய் ஓட்டை இருக்கு, காத்து வரும். வரும்ல சாயம்?

— வரும்ணே. சத்தியமா வரும்.

— காவக்காரருக்கு போன் போடுங்க.

— அவரு ஊருல இல்ல. புதன்கிழமைதான் வருவாரு. கேட் சாவி இதோ என்கிட்டதான் இருக்கு. அங்க பக்கத்துல வேற யாரும் கிடையாது, ஆள் நடமாட்டமே இல்லைன்னுதானே...

— அதுக்காகத்தானே அலைஞ்சு பிடிச்சீங்க. சாயம், தீயணைப்புக்கு போன் பண்ணு, ஆம்புலன்ஸுக்கும் பண்ணு. பழைய ஐஸ் ஃபேக்டரின்னு சொல்லு, கேட்டை உடைச்சுக்கிட்டுப் போகச் சொல்லு.

— பண்றேன் அண்ணி. கீழ போய்க்கிட்டே பேசுறேன். காரை எடுத்து வாசல்ல நிறுத்துறேன்.

— நாப்பதாயிரம் பேரு, கத்திரி. நாப்பதாயிரம் பேரு அவன் தட்டினதைக் கேட்டிருக்காங்க. நான்... நான் அதுக்குத் தாளம் சேர்த்தேன்.

— நான் ஒலியை ஏத்தினேன். தாழ்ப்பாள் போட்டது என் கை. அந்தக் கையையும்தான் எல்லாரும் பார்த்திருக்காங்க. அழுதுக்கிட்டு நிக்காதீங்க. அந்த ஃபைல் எவ்வளவு நேரம்?

— நாப்பது நிமிஷம்.

— தட்டுறது எப்ப நிக்குது?

— பதினோராவது நிமிஷம். அதுக்கு மேல சத்தம் இல்ல, அதனால அங்கேயே வெட்டிட்டேன்.

— அப்ப மீதி?

— மீதியை நான் கேக்கவே இல்ல.

— போடுங்க.

— வேண்டாம். வா, போகலாம். வழியில...

— கார் வாசலுக்கு வர்ற வரைக்கும். நகருங்க, நானே போடுறேன். பதினொண்ணு... இருபது... முப்பது. மூச்சு கேக்குதா? மைக்குக்குக் கீழ வந்து நிக்கிறான். பேசுறான்.

— கத்திரி, வேண்டாம்மா.

— சும்மா இருங்க. பேசுறான்.

— "அக்கா... ஷாட் இன்னும் முடியலையா? எனக்கு உன் மேலயும் கோபம் இல்ல, மாமா மேலயும் கோபம் இல்ல. அவருகிட்ட சொல்லு. முடிஞ்சதும் திறங்க, ஒண்ணும் அவசரமில்ல... முகமூடியை நான் இன்னும் கழட்டலக்கா."